சாவி கொடுத்தால் சிரிக்கும் தட்டு

பத்து அங்குல அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் ஓடும் நேரம் ஏறக்குறைய மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஆளை அறிமுகப்படுத்தி, சண்டை மூட்டி, சிரிக்க வைத்து, முடிந்தால் ஒரு பாட்டும் பாடிவிட வேண்டும். முகம் தெரியாது. கோணல் சேஷ்டை பலிக்காது. தடுக்கி விழுந்தால் கேட்பவருக்குக் கிடைப்பது 'தொப்' என்ற சத்தம் மட்டுமே. குரல் ஒன்றுதான் முதல்.

அந்த முதலை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு தலைமுறைத் தமிழர்களைச் சிரிக்க வைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய தட்டுகள் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பழைய வீட்டுப் பரண்களில் சாக்கில் சுற்றிக் கிடக்கின்றன. பெட்டி இல்லாதவரிடம் தட்டு இருக்கிறது. தட்டு இல்லாதவரிடம் பெட்டி இருக்கிறது. ஆகவே ஒருவர் வீட்டுத் தட்டு இன்னொருவர் வீட்டில் சிரிக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்று நேற்று வந்ததல்ல.

தண்டுக்கு வந்த பெட்டி

பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் 1809ல் முகாம் போட்டது. அந்தத் தண்டுப் பகுதியை ஒட்டியே தமிழர் குடியிருப்பும் வளர்ந்தது. பட்டாளத்துக்குச் சாமான் கொடுத்தவர், சமையல் செய்தவர், குதிரை பார்த்தவர், கட்டடம் கட்டியவர், கணக்கு எழுதியவர் என்று வட ஆர்க்காடு, சேலம், சென்னைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்று பெயர் பெற்ற பொறியாளர் படையின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. பிறகு ஆலைகள் வந்தன. 1940ல் விமானத் தொழிற்சாலை, 1948ல் டெலிபோன் தொழிற்சாலை என்று ஆரம்பமாயின. முதல் சங்கு, இரண்டாம் சங்கு என்று பொழுதை அளந்த குடும்பங்கள் பெருகின.

கிராமபோன் பெட்டி முதலில் துரை வீட்டுச் சாமான். அடுத்து ஆங்கிலோ இந்தியர் வீட்டிலும் வியாபாரிகள் வீட்டிலும் நுழைந்தது. கூலிக்காரன் வாங்கும் பொருளாக அது இருக்கவில்லை. அதனால் என்ன? கேட்பதற்குக் காசு கிடையாதே! ஒரு வீட்டில் பெட்டி பாடினால் அந்தச் சந்தே கேட்டது. கல்யாணத்துக்குப் பெட்டியை வாடகைக்கு எடுக்கும் வழக்கமும் வந்தது. சாவி கொடுக்க ஒரு பையன், ஊசி மாற்ற இன்னொரு பையன் என்று ஆட்கள் தாமாகவே சேர்ந்துவிடுவார்கள்.

தட்டின் மூலப்பொருளே நம் நாட்டு மரத்தில் பூச்சி கட்டும் அரக்குதான். வங்காளம், பீகார் பக்கத்து அரக்கு சீமைக்குப் போய்த் தட்டாகத் திரும்பி வந்த காலம் உண்டு. 1908ல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சடிக்கும் ஆலை வைத்தார்கள். 1928 முதல் டம்டம் ஆலையில் வேலை நடந்தது. இரண்டாவது உலகப் போர் வந்தபோது அரக்குக்குத் தட்டுப்பாடு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். எத்தனை பேருடைய பாட்டும் பேச்சும் அந்தக் கொப்பரையில் கரைந்ததோ!

பபூனும் நாடக செட்டும்

தமிழில் சிரிப்புத் தட்டு சினிமாவுக்கு முன்பே வந்துவிட்டது. அதன் தாய்வீடு நாடகக் கொட்டகை. அன்றைய நாடகத்தில் ராஜா அழுது கொண்டிருப்பார். இடையே பபூன் வந்து சபையைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவான். அந்தப் பபூன் பேச்சைத் தனியே எடுத்துத் தட்டில் பதித்தார்கள். தட்டின் நடு வட்டத்தில் 'காமிக்' என்று போட்டிருக்கும். ரசிகருக்கு அது போதும்.

முழு நாடகத்தையே பல தட்டுகளில் பதித்துப் பெட்டியில் அடுக்கி விற்கும் 'நாடக செட்டு'ம் வந்தது. இந்தத் தொழிலில் தமிழ்நாட்டில் பெரிய பெயர் சரசுவதி ஸ்டோர்ஸ். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்த இளைஞர் ஏ.வி.மெய்யப்பன் கூட்டாளிகளோடு நடத்திய கடை அது. பின்னாளில் ஏ.வி.எம். ஸ்டூடியோவைக் கட்டியவர் முதலில் விற்றது இசைத்தட்டு! ஓடியன் என்ற ஜெர்மன் கம்பெனியின் தட்டுகளுக்கு 1930களில் வடக்கே பம்பாய் ரூபி கம்பெனியும் தெற்கே சரசுவதி ஸ்டோர்ஸும் பொறுப்பு. சங்கீத வித்வான் ஒரு பக்கம், ஸ்பெஷல் நாடக நடிகர் மறு பக்கம் என்று அந்தக் கடை பாகுபாடு பாராமல் பதிவு செய்தது. நல்ல வியாபாரி அப்படித்தான் செய்வார். நமக்கு லாபம் என்னவென்றால், கச்சேரி மேடை தீண்டாத கலைஞர்களின் குரலும் அதனால் தட்டில் ஏறிவிட்டது.

செட்டில் ஒரு தட்டு உடைந்தால் போச்சு. ராமன் காட்டுக்குப் போவான். அடுத்த தட்டில் நேராகப் பட்டாபிஷேகம். உடைந்த தட்டுக்காக வேறொரு வீட்டுச் செட்டைத் தேடி அலைவது ரசிகர்களின் பழைய வியாதி.

கலைவாணர் குரல்

இந்த வகையில் தலைமைத் தட்டு எது என்று கேட்டால், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபத்தைத்தான் சொல்ல வேண்டும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908ல் பிறந்தவர் அவர். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். டி.ஏ.மதுரத்தோடு ஜோடி சேர்ந்து, கதைக்குச் சம்பந்தமில்லாத நகைச்சுவைப் பகுதியைத் தாமே தயார் செய்து படத்தோடு சேர்த்துக் கொடுப்பார். அதனால் அவருடைய பகுதி தனியாகவே நிற்கும். தட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

1949ல் வந்த 'நல்லதம்பி' படத்துக்குக் கதை வசனம் அறிஞர் அண்ணா. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. அதில் வருகிறது கிந்தனார். பாட்டு உடுமலை நாராயண கவி. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை எல்லாரும் அறிவார்கள். ஆண்டையிடம் சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நின்றவர் நந்தனார். கிந்தனாரோ பள்ளிக்கூடம் போக வழி கேட்கிறார். நந்தனார் கோவிலை நோக்கி நடந்தார். கிந்தனார் ரயிலேறிப் பட்டணம் போகிறார். படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறார். அதே காலட்சேப மெட்டு, அதே பின்பாட்டு, அதே 'அதாகப்பட்டது'. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் வேறு!

கேட்பவர் சிரித்துக் கொண்டே இருக்கும்போது கிந்தன் வாங்கிய அடி உறைக்கும். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கிய தமிழர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குடும்பத்தினர். பெங்களூர்த் தண்டிலும் அப்படிப் பல குடியிருப்புகள். தகப்பன் கைநாட்டு, மகன் தொழிற்சாலையில் கிளார்க் என்ற மாற்றத்தைக் கண்ணெதிரே கண்டவர்கள் அவர்கள். கிந்தனார் அவர்களுக்கு வெறும் தமாஷ் அல்ல, வீட்டு வரலாறு.

கலைவாணர் 1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947ல் விடுதலை பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. நடிகர் சிறைக்குப் போனால் படம் நின்றுவிடும். தட்டுக்குச் சிறை கிடையாது. ஊசி வைத்தால் அவர் பேசினார். 1957 ஆகஸ்டு 30ல் அவர் காலமான பிறகும் பேசினார்.

அவருடைய சிரிப்புக்கே ஒரு பாட்டு உண்டு. 1956ல் வந்த 'ராஜா ராணி'யில் மனிதர் சிரிக்கும் விதங்களை ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டுவார். சங்கீதக்காரன் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு, ஆணவச் சிரிப்பு எல்லாம் வரிசையாக வரும். படத்தில் பார்ப்பதைவிடத் தட்டில் கேட்பதே மேல் என்று அடித்துச் சொல்லும் ரசிகர் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். முகம் தெரியாதபோது காது கூர்மையாகிறது.

அதே நாய், வேறு சிரிப்பு

இதே சமயத்தில் சீமையிலும் சிரிப்புத் தட்டுக்குப் பெரிய மவுசு. 1922ல் சார்லஸ் பென்ரோஸ் என்பவர் சிரிக்கும் போலீஸ்காரரைப் பற்றி ஒரு தட்டுக் கொடுத்தார். பாட்டில் பாதி அடக்க முடியாத சிரிப்பு. அவ்வளவுதான் சரக்கு! அதற்கே பல ஆண்டுக்காலம் விற்பனை ஓயவில்லை. கலைவாணர் அதைக் கேட்டாரோ இல்லையோ, காதுக்குச் சிரிப்பைப் பரிமாறும் யோசனை இரண்டு தேசத்திலும் முளைத்தது.

1951 முதல் 1960 வரை பி.பி.சி. ரேடியோவில் 'கூன் ஷோ' என்ற நிகழ்ச்சி நடந்தது. தலைகால் புரியாத கதை, விநோதக் குரல்கள், வெடிச் சத்தங்கள். அதை எழுதியவர் ஸ்பைக் மில்லிகன். இவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் நாட்டு அகமத் நகர்! தகப்பனார் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரர். பையன் வளர்ந்தது பூனாவிலும் ரங்கூனிலும். ராணுவக் குடியிருப்பில் பட்லர் இங்கிலீஷும் துரை இங்கிலீஷும் மோதிக்கொள்வதைச் சிறு வயதிலேயே கேட்டவர். தண்டுவாசிகளுக்கு இது புது விஷயம் அல்ல.

மில்லிகனின் கூட்டாளி பீட்டர் செல்லர்ஸ். 1958லும் 1959லும் அவருடைய சிரிப்புத் தட்டுகள் வந்தன. பதிவு செய்தவர் ஜார்ஜ் மார்ட்டின். இந்த மார்ட்டின்தான் 1962 முதல் பீட்டில்ஸ் கோஷ்டியின் பாட்டுகளைப் பதிவு செய்து உலகப் புகழ் பெற்றவர். சிரிப்புத் தட்டில் குரலோடும் சத்தத்தோடும் விளையாடிப் பழகிய கை பிறகு பாட்டில் வேலை செய்தது. 1960ல் செல்லர்ஸ் இந்திய டாக்டராகவும் சோபியா லாரன் நோயாளியாகவும் பாடிய தட்டு பிரிட்டனில் சக்கைப்போடு போட்டது. நம்மவர் இங்கிலீஷைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். கேட்கும்போது சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். ஆனால் அதற்காகக் கோபித்துக் கொள்ளும் முன், நம் பழைய காமிக் தட்டுகளில் திக்குவாயரையும் சேட்டையும் மலையாளத்தாரையும் எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்பதையும் ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். அந்தத் தட்டுகளில் பல இன்று சுவைப்பதில்லை.

லண்டன் தட்டுக்கும் தமிழ்த் தட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1931ல் எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் ஒன்றாகி ஈ.எம்.ஐ. கம்பெனி ஆனது. செல்லர்ஸ் தட்டை வெளியிட்ட பார்லபோன் முத்திரையும் அந்தக் குடும்பமே. குழாய் முன் உட்கார்ந்து கேட்கும் நாய்க்குத் தமிழும் இங்கிலீஷும் ஒன்றுதான்.

1973ல் 'மாண்டி பைத்தான்' கோஷ்டி ஒரு குறும்பு செய்தது. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டியபடி இரண்டு தனித்தனிப் பள்ளங்களை வெட்டிவிட்டார்கள். ஊசி எதில் விழுகிறதோ அந்த நிகழ்ச்சி கேட்கும். நேற்றுக் கேட்டது இன்று காணோம்! வாங்கியவர்கள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள்.

இதிலே நமக்கு வேண்டிய செய்தி வேறு. பி.பி.சி. போன்ற பெரிய நிறுவனமே பழைய நிகழ்ச்சி நாடாக்களை இடம் போதாதென்றும் மறுபடி பயன்படுத்தலாமென்றும் அழித்துவிட்டது. பீட்டர் குக், டட்லி மூர் இருவரும் 1965 முதல் 1970 வரை நடத்திய டெலிவிஷன் நகைச்சுவையில் பெரும்பகுதி அப்படிப் போனது. தட்டாக வெளிவந்திருந்த சில உரையாடல்கள் பிழைத்துக்கொண்டன. ரேடியோ நகைச்சுவைகள் சில, வீட்டு டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்திருந்த சாதாரண ரசிகர்களிடமிருந்தே திரும்பக் கிடைத்தன. 2001ல் பி.பி.சி.யே 'உங்கள் வீட்டில் இருந்தால் கொடுங்கள்' என்று பொதுமக்களைக் கேட்டது.

அங்கே அப்படி என்றால் இங்கே கேட்க வேண்டுமா? முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' 1931ல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. 1930களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதி. அந்தக் கால நடிகர்கள் எப்படிப் பேசினார்கள் என்று அறியப் பல சமயங்களில் தட்டு ஒன்றே சாட்சி.

ஒலிபெருக்கி வந்தது

அரக்குத் தட்டு போய் வினைல் தட்டு வந்ததும் நேரம் நீண்டது. எல்.பி. தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். இனி வசனத்தை நறுக்க வேண்டியதில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) வசனத் தட்டாக வந்தது. 'திருவிளையாடல்' (1965) கதை வசனத் தட்டும் பின்னர் கேசட்டும் ஊர் ஊராக ஒலித்தன. மைக் செட்டுக்காரர் பெட்டியில் இவை இரண்டும் இல்லாவிட்டால் அவருக்குத் திருவிழா ஆர்டர் கிடைக்காது என்ற நிலைமை.

திருவிளையாடலில் தருமி வரும் கட்டத்தைத் தமிழர் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். நாகேஷ் தனியே நின்று புலம்புவது எழுதி வைத்த வசனம் அல்ல, அவரே அவ்வப்போது சேர்த்தது என்பார்கள். சிவாஜி கணேசன் அதைப் பார்த்துவிட்டு ஓர் அங்குலமும் வெட்டக்கூடாது என்று சொன்னதாகவும் சொல்வதுண்டு. ஒன்று நிச்சயம். படத்தை ஒரு தரம் பார்த்தவர்கள் அந்தப் பேச்சை நூறு தரம் கேட்டார்கள். பார்த்ததால் அல்ல, கேட்டதால்தான் அது மனப்பாடமானது.

அல்சூர் சோமேசுவரர் கோவில் வட்டாரத்தில் பூப்பல்லக்கு என்றால் அந்த வட்டாரமே இரவெல்லாம் விழித்திருக்கும். கோவில் கோவிலாகப் பல்லக்குகள் பூவலங்காரத்தோடு வரும். இப்படிப்பட்ட இரவுகளில் ஒலிபெருக்கிதான் ராஜா. தெருவில் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் தமிழும் ஒன்றாகப் புழங்கும் ஊரில், சிவனுக்கும் நக்கீரனுக்கும் நடக்கும் வாக்குவாதம் எல்லார் காதிலும் விழும்.

தட்டு வாங்க முடியாதவர்களுக்கு ரேடியோ இருந்தது. 1952ல் மத்திய மந்திரி கேஸ்கர் காலத்தில் அகில இந்திய ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கிவிட்டது. உடனே எல்லாரும் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள்! 1957 அக்டோபரில் விவித பாரதி ஆரம்பித்த பிறகும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு மவுசு குறையவில்லை. பிறகு படத்தின் ஒலியை மட்டும் சுருக்கித் தரும் 'ஒலிச்சித்திரம்' வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து படத்தைக் காதால் பார்த்தார்கள்.

கேசட்டுக் காலம்

1980களில் டேப் ரிக்கார்டர் வீட்டுக்கு வீடு வந்தது. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன மச்சானோ சித்தப்பாவோ கொண்டு வந்த இரட்டைக் கேசட் பெட்டி என்றால் அதற்குத் தனி மரியாதை. தட்டில் முடியாத காரியம் இதில் முடிந்தது; ஒன்றிலிருந்து இன்னொன்றில் பதியலாம். இரவல் கேட்டவருக்குத் தட்டைக் கொடுத்துவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்த காலம் போயிற்று. வெற்றுக் கேசட்டைக் கொண்டு வந்தால் போதும்.

எஸ்.வி.சேகரின் மேடை நாடகங்கள் கேசட்டாக வந்து சக்கைப்போடு போட்டன. அவர் மேடையேற்றிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதியவர் மோகன். அந்த நாடகப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டு கிரேஸி மோகன் ஆனார். 1979ல் சொந்தக் குழு வைத்தார். மூச்சு விடுவதற்குள் மூன்று சிலேடை வரும் அவர் வசனத்தை ஒரே தரம் கேட்டு முழுக்கச் சிரித்தவர் யாரும் இல்லை. சிரித்த சத்தத்தில் அடுத்த வசனம் போய்விடும். கேசட்டில் என்றால் பின்னால் ஓட்டிக் கேட்கலாம். அரங்கில் சபையோர் சிரிப்பதும் சேர்ந்தே பதிவாகியிருந்ததால், தனி அறையில் சமைத்துக்கொண்டே கேட்கும் பிரம்மச்சாரிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்த தோது கிடைத்தது. வேலைக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது சிறிய விஷயம் அல்ல.

1984ல் வந்த 'விதி' நகைச்சுவைப் படம் அல்ல. ஆனால் அதன் கோர்ட் வசனக் கேசட் டீக்கடை டீக்கடையாக ஒலித்தது. வசனத்தைப் பாட்டைப் போல் திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கம் தமிழரிடம் எவ்வளவு ஊறியது என்பதற்கு அதுவே கடைசிப் பெரிய சாட்சி. டெலிவிஷன் வந்து, காட்சியில்லாமல் கேட்கும் பொறுமையைக் கொண்டுபோய்விட்டது.

எழுத்து வேண்டாத தமிழ்

வெளி மாநிலத்தில் இருக்கும் தமிழருக்கு இந்தத் தட்டுகளில் தனிக் காரியம் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படிக்கிறார்கள். அது நியாயம், பிழைக்கும் ஊரின் மொழி தெரிய வேண்டும். தமிழ் எழுத்து பல வீடுகளில் தாத்தாவோடு நின்றுவிட்டது. அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் இயங்கும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அதில் பெரிய நூலகம் இருக்கிறது. எழுத்தே தெரியாத பேரனுக்கு நூலகம் எதற்கு?

அவனுக்குக் காது இருக்கிறது. கலைவாணரின் நாஞ்சில் நாட்டுப் பேச்சும், 'சபாஷ் மீனா'வில் (1958) ரிக்‌ஷாக்காரனாகச் சந்திரபாபு பேசும் மெட்ராஸ் பாஷையும், சேகர் நாடகத்து மயிலாப்பூர்ப் பேச்சும் புரிய எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டியதில்லை. பாடப் புத்தகத் தமிழைப் பிள்ளை மறந்துவிடலாம். சிரித்துக் கேட்ட தமிழை மறப்பதில்லை. ஒரு ஹாஸ்யம் புரிந்துவிட்டது என்றால் அந்த மொழியின் உள் அறை வரை போய்விட்டான் என்றுதான் பொருள்.

இந்த ஊரில் தமிழைச் சத்தமாகக் கேட்கத் தயங்கிய நாட்களும் இருந்தன. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். அதே 1991ல் ஏரிக்கரைப் பக்கம் கொண்டு வந்து வைத்த திருவள்ளுவர் சிலை சாக்குப் போர்த்தியபடி 18 ஆண்டு நின்றது. 2009 ஆகஸ்டு 9ல்தான் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. சர்வக்ஞரின் மூன்றடிப் பாட்டிலும் நையாண்டிக்குக் குறைவில்லை என்பதைக் கன்னட நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கன்னட நாடகத் தட்டுகளும் தமிழ்த் தட்டுகளும் பழைய பெட்டிகளில் கலந்தேதான் கிடக்கின்றன.

எடைக்குப் போகும் முன்

வீட்டை இடித்து மாடி கட்டும்போது முதலில் வெளியே போவது பரண் சாமான். தட்டுகளை எடைக்குப் போடுவார்கள். அங்கிருந்து சிக்பேட்டைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சில வந்து சேரும். அலங்காரத்துக்குச் சுவரில் மாட்ட வாங்குகிறவர்களுக்கு உள்ளே என்ன குரல் இருக்கிறது என்ற கவலை இல்லை. அதற்கு முன்பே கை வைக்க நினைக்கும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

கனமான, கீழே விழுந்தால் கண்ணாடி போல் நொறுங்கும் தட்டு அரக்கு. வளைந்து கொடுப்பது வினைல். அரக்குத் தட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைக்கவே கூடாது. அரக்கு கரைந்து பள்ளம் அழிந்துவிடும். வெறும் தண்ணீர், மிஞ்சினால் துளி சோப்பு, நடுக் காகிதம் நனையாமல். படுக்கையாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். தகர ஷெட்டின் சூடு வினைலை வளைத்துவிடும்.

பழைய சாவிப் பெட்டியில் எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பது கணக்கு. காசைப் பார்த்து அதே ஊசியை ஓட்டினால் ஊசி அல்ல, தட்டுதான் தேயும். தட்டு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால் சாவிப் பெட்டியில் ஓட்டவே கூடாது. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் எல்.பி. பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதற்கென்று தனி முள் பொருத்திய மின்சார டர்ன்டேபிளில் ஒரே தரம் ஓட்டிக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டால், பிறகு எத்தனை பேருடைய செல்போனுக்கும் அனுப்பலாம். 'கரகர' சத்தத்தை முழுக்கத் துடைக்க ஆசைப்பட வேண்டாம். அதோடு குரலின் ஓரமும் போய்விடும்.

பதிந்ததோடு வேலை முடியவில்லை. நடு வட்டத்தில் இருக்கும் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்: கலைஞர் பெயர், தட்டு எண், எந்தப் பக்கம். காகிதத்துக்கு அருகே அரக்கில் சிறியதாகப் பொறித்த எண் ஒன்று இருக்கும். பெரும்பாலான தட்டுகளில் ஆண்டு போட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பொறித்த எண்ணை வைத்துத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் காலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பம்பாயில் 1990ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் இப்படி எண் எண்ணாகப் பட்டியல் போட்ட பிறகே ஓடியன் தட்டுகளில் பல பிரிட்டிஷ் நூலகத்தின் பாதுகாப்புக்குப் போயின. சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் பழைய தட்டுகள் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கும் அன்பர்களுக்கு: ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1957ல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2017 டிசம்பரோடு தீர்ந்தது. ஆனால் அதில் உள்ள எழுத்துக்குக் கணக்கு வேறு. எழுதியவர் காலமான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. கலைவாணர் தாமே எழுதியவற்றுக்கு அதுவும் 2017ல் தீர்ந்தது. உடுமலை நாராயண கவி 1981ல் மறைந்தார். அவர் பாட்டுக்கு 2041 முடிய வேண்டும். ஆக, ஒரே கிந்தனார் தட்டில் குரல் பொதுச் சொத்தாகியிருக்கும். பாட்டு இன்னும் ஆகியிருக்காது. நண்பருக்குப் போட்டுக் காட்டுவதை யாரும் கேட்கப் போவதில்லை. விற்பதற்கு முன்பு உரியவரைக் கேட்க வேண்டும்.